அறத்தொடு நிற்றலும் தன்பால் திருமணமும்: ‘மித்ராச்சி கோஷ்ட’ நாடகத்தை முன்வைத்து

நுழைவு

விஜய் டெண்டுல்கர் (1928-2008) மராத்தியில் எழுதி 1981இல் மேடையேறிய ‘மித்ராச்சி கோஷ்ட’, பெண்ணை விரும்பும் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டு இந்திய மொழிகளில் தோன்றிய தொடக்ககால நாடகங்களுள் ஒன்றாகும். கௌரி ராம்நாராயண் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். தலைப்பிற்கு ‘நண்பரின் கதை’ என்பது பொருள். நாடகத் தலைவி சுமித்ரா தேவ், ‘மித்ரா’ என்றே அழைக்கப்படுகிறாள். ஆகவே ‘மித்ராவின் கதை’ என்றும் அது பொருள்படும். கதையைச் சொல்பவனோ அவளுடைய கல்லூரித் தோழன் பாபு. இவ்விரு பொருள்நிலையை வெறும் சொல்நயமாகக் கொண்டு கடந்துவிடலாம். ஆயினும் அதனுள் நட்பின் கடமை பற்றிய வினா ஒன்று அடங்கியுள்ளது.

தமிழ் அகமரபில் காதலர்க்குத் துணைநிற்கும் தோழமைக்கு வரையறுத்த முடிபு ஒன்று உண்டு. களவைக் காப்பதோடு அது நில்லாது. களவை ஊரறிந்த கற்பாக மாற்றும் ‘அறத்தொடு நிற்றல்’ வரை செல்லும். அம்முடிபிற்கு வழியே இல்லாத சூழலில் தோழமை என்னவாகிறது என்பதை டெண்டுல்கரின் நாடகம் காட்டுகிறது. தன்பால் இணையரின் திருமணத்தை இந்தியச் சட்டம் இன்றும் ஏற்கவில்லை. எனவே இவ்வினா பழைய நாடகமொன்றைப் பற்றியது மட்டுமன்று. இக்கட்டுரை நாடகத்தை அகமரபின் துணைகொண்டு நோக்குகிறது. தன்பாலீர்ப்பினரான என் நண்பர் ஒருவர் இந்நாடகத்தைப் படித்தபின் திருமணம் குறித்தும் சமூக ஏற்பு குறித்தும் முன்வைத்த கருத்துகளும் இங்கு ஆராயப்பெறுகின்றன. அவர் வட இந்தியப் பெருநகர் ஒன்றில் தம் துணைவருடன் பல்லாண்டுகளாக இல்லறம் நடத்தும் தமிழர். அவர் விருப்பப்படி பெயர் தரப்பெறவில்லை.

பாபுவின் துணை

விடுதலைக்கு முந்தைய காலக் கல்லூரிச் சூழலில் நாடகம் நிகழ்கிறது. மித்ரா துணிவு மிக்கவள். பாபு கூச்ச இயல்பினன். தனக்குத் திருமணம் பேசப்பட்ட காலத்தில்தான், ஓர் ஆணுக்கு மனைவியாதல் தன்னால் இயலாது என்பதை உணர்ந்ததாக மித்ரா பாபுவிடம் கூறுகிறாள். இவ்விடம் கருதத்தக்கது. அவள் தன்னைத் தானே அறிவது காதலின் வாயிலாக அன்று. திருமணம் என்னும் நிறுவனம் அவள்முன் வந்து நின்றதன் வாயிலாகவே. பின்னர்க் கல்லூரி நாடகமொன்றில் மித்ரா ஆண் வேடம் தாங்குகிறாள். தலைவியாக நடித்த நமாவிடம் அவளுக்கு உண்மையாகவே காதல் பிறக்கிறது. நமாவைத் தனக்குரியவளாகக் கருதும் டால்வி இதனையறிந்து பகை கொள்கிறான். பாபு தன் அறையை மித்ராவும் நமாவும் சந்திக்கும் இடமாக விட்டுக்கொடுக்கிறான். நமா ஒருகாலத்தில் விலகிப்போகிறாள். மித்ரா நிலைகுலைகிறாள், இறுதியில் பாபுவும் அவளைவிட்டு அகல, தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

பாபு தீயவன் அல்லன். மித்ராவின் மறைபொருளைக் காக்கிறான். அவள்பொருட்டுப் பழியையும் ஏற்கிறான். அகமரபின் சொல்லால் உரைப்பதாயின், குறியிடம் அமைத்துக்கொடுக்கும் தோழியின் பணியை அவன் செவ்வனே செய்கிறான். ஆனால் அவன் துணை முழுவதும் மறைவிடத்தின் எல்லைக்குள்ளேயே நிகழ்கிறது. ஊர்முன் அவளுக்காக அவன் உரைப்பது ஏதுமில்லை. அவள் இறந்தபின்னரே அவையோராகிய நம்முன் வாய்திறக்கிறான். நாடகம் முழுவதையும் இவ்வாறு காலங்கடந்து உரைக்கப்பெற்ற சான்றுரையாகக் கொள்ளலாம்.

தோழியின் முடிபு

அகப்பாடல்களில் தோழி குறியிடம் அமைப்பவள் மட்டும் அல்லள். இரவுக்குறியின் ஏதத்தை எடுத்துரைத்துத் தலைவனை வரைந்துகொள்ளத் தூண்டுவாள். வேற்று வரைவு நேருமிடத்து அறத்தொடு நிற்பாள். தொல்காப்பியப் பொருளியல் அறத்தொடு நிற்கும் முறைகளை ஏழாக வகுத்து, உண்மை செப்பலை அவற்றுள் இறுதியில் வைக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலிக்கு உண்மையை உணர்த்தும் கூற்றாகவே அமைந்துள்ளது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பெற்றது அது என்பது மரபுச்செய்தி. பிறமொழி அரசனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்தத் தேர்ந்த பொருள், மறைந்த காதல் ஒன்றைக் குடும்பத்தின்முன் நாணின்றி எடுத்துரைக்கும் தோழமை என்பது எண்ணத்தக்கது.

அறத்தொடு நிற்றலின் படிமுறையையும் இங்கு நோக்க வேண்டும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் உணர்த்துவர் என அகப்பொருள் இலக்கணம் வகுக்கும். முதற்கூற்று தலைவியுடையது. அவள் உள்ளம் அறியாது பிறர் அவள் காதலைப் பேசுவது அறத்தொடு நிற்றல் ஆகாது, அது அலர். ஒரே செய்தி, உரியவரின் இசைவோடு உரிய இடத்தில் உரைக்கப்பெறும்போது அறமாகிறது. இசைவின்றிப் பரவும்போது அலராகிறது. ஒருவரின் தன்பாலீர்ப்பை அவரறியாமல் வெளிப்படுத்துவது இன்று பெருந்தீங்காகக் கருதப்படுகிறது. அகமரபு இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தது எனலாம்.

இவ்வளவையைக்கொண்டு பாபுவைக் குறைகூறல் எளிது. ஆனால் தோழி அறத்தொடு நிற்பதற்கு வரைவு என்னும் இலக்கு ஒன்று உள்ளது. தாயிடம் உண்மையுரைத்தால் அதன்பின் நிகழ வேண்டுவது யாது என்பதை இருவரும் அறிவர். பாபு யாரிடம் சென்று, எதனை வேண்டுவான்? மித்ராவுக்கும் நமாவுக்கும் சென்றடையக் கற்பு என்றொரு நிலை அச்சமூகத்தில் இல்லை. களவிலிருந்து அலருக்குச் செல்ல வழியுண்டு. கரணத்திற்குச் செல்ல வழியில்லை. பாபுவின் கோழைமை அவனுடைய இயல்பின் குறை மட்டும் அன்று; அவன் நின்ற இடத்தின் குறையுமாகும்.

திணைப் பகுப்பும் அதன் வரம்பும்

இத்தகைய ஒப்புநோக்கிற்குத் தடை ஒன்று எழக்கூடும். தொல்காப்பியம் கிழவன், கிழத்தி என இருபாலரையே பேசுகிறது; தன்பால் காதலைப் பொருந்தாக் காமம் எனக் கொண்டு பெருந்திணைக்குள் அடக்குவதே முறை என்பர் சிலர். முதற்கூற்று உண்மை. ஐந்திணை தன்பால் காதலையும் உள்ளடக்கியது எனச் சாதிப்பது நூலின்மேல் நம் விருப்பத்தை ஏற்றுவதாகும். கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பை அவ்வகைக் காதலாகப் படிப்பதற்கும் புறநானூற்றில் சான்றில்லை.

ஆனால் இரண்டாம் கூற்றுக்கும் நூலில் இடமில்லை. அகத்திணையியல் பெருந்திணைக் குறிப்பாக எண்ணுவன நான்கு: மடலேறுதல், இளமை நீங்கிய பருவத்துக் காமம், தெளிவிழந்த காம மிகுதி, எல்லை கடந்த காமத்தால் நிகழும் வன்மை. இவற்றுள் ஒன்றேனும் பால் ஒப்புமை பற்றியதன்று. நான்கும் காமம் நிகழும் முறையைப் பற்றியன. காதலிக்கப்படுபவர் இன்ன பாலினர் என்பதைப் பற்றியன அல்ல. இலக்கணம் மௌனம் காக்கும் இடத்தை இழிப்பாகக் கொள்வது உரைநெறி ஆகாது. ஆகவே இங்கு அகமரபு சான்றாகக் காட்டப்பெறவில்லை. காதலுக்கும் ஊருக்கும் இடையிலான உறவை எண்ணிப்பார்க்கும் கருவியாகவே கொள்ளப்பட்டுள்ளது.

நண்பரின் நோக்கு

நாடகத்தைப் படித்த நண்பர் முதலில் சுட்டியது அதன் முடிவை. தம்மைப் போன்றோர் இலக்கியத்துள் நுழைவதற்குப் பலகாலும் உயிரையே கட்டணமாகச் செலுத்த வேண்டியிருக்கிறது என்றார். இறந்துபட்டவளுக்கு அவையோர் கண்ணீர் சிந்துவர். அவள் பிழைத்திருந்து அடுத்த வீட்டிற்குக் குடிவந்தால் என்செய்வர் என்பதே அவர் வினா. இவ்வினா நாடகத்தின் இரக்கச்சுவையை நன்கு சோதிக்கிறது. டெண்டுல்கர் மித்ராவைக் குற்றமற்றவளாகப் புனையவில்லை. அவளுடைய உடைமை வேட்கையையும் கடுமையையும் மறைக்கவில்லை. இது படைப்பின் நேர்மை. எனினும் அவளுக்குரிய வாழ்வு எவ்வாறு இருந்திருக்கலாம் என்பதை நாடகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பாபு அவள் துயரைக் கேட்டான். அவள் விழைந்த வாழ்வைக் கேட்கவில்லை.

நண்பரிடம் அதனைக் கேட்டபோது கிடைத்த விடை ஒருமுகமானதாக இல்லை. திருமணத்தை அவர் காதலின் மணிமுடியாகக் கருதவில்லை. சாதி, வரதட்சணை, பெண்ணடிமை ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நிறுவனத்துள் இடம்கேட்டு நிற்பதில் அவருக்குத் தயக்கம் உண்டு. மெய்ப்பாட்டியல் கூறும் பத்து ஒப்பினுள் பிறப்பும் குடிமையும் முன்நிற்பதை நான் சுட்டியபோது, தன்பால் இணையர்க்கு வரன் தேடும் நாள் வருமாயின் அவ்விரண்டும் தவறாமல் உடன்வரும் என்றார். இவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயினும் திருமண உரிமை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக உள்ளார். மறுப்பதற்கும் உரிமை வேண்டும். கிடைக்காத ஒன்றைத் துறந்தேன் என்பது துறவாகாது என்பது அவர் வாதம். மருத்துவமனையில் ஒப்பமிடுதல், வாடகை வீடு, ஒருவர் மறைந்தால் மற்றவர்க்குரிய பங்கு, ஈமக்கடனில் நிற்கும் இடம் ஆகிய அனைத்தும் ‘நீவிர் இவருக்கு யார்?’ என்னும் ஒரே வினாவாக வந்து நிற்கின்றன. அவ்வினாவிற்கு ஒருசொல்லில் விடையிறுக்கும் வசதியே திருமணம் என அவர் கருதுகிறார். இன்று அவர் தரக்கூடிய விடை ‘நண்பர்’ என்பது மட்டுமே. டெண்டுல்கரின் தலைப்பு இவ்விடத்துப் புதுப்பொருள் பெறுகிறது. நட்பு என்னும் உயர்ந்த சொல், வேறு சொல் மறுக்கப்பட்டமையால் ஓர் இல்லறத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

‘சமூக ஏற்பு’ என்னும் சொல்லாட்சியையும் அவர் விரும்பவில்லை. ஏற்பவர் மேலும் ஏற்கப்படுபவர் கீழும் நிற்கும் அமைப்பு அச்சொல்லில் உள்ளது என்பார்; அதனினும் ‘அறிதல்’ என்பதையே விழைகிறார். அவருடைய குடும்பத்தார் அவர் துணைவரை வீட்டில் அன்போடு நடத்துகின்றனர். உறவினர் திருமணங்களுக்கு மட்டும் இருவரையும் ஒருங்கே அழைப்பதில்லை. இதனை அவர்கள் ஏற்பு என்கின்றனர். அகமரபின் நோக்கில் இது நற்றாய் அறிந்தபின்னும் நீட்டிக்கப்பெறும் களவு. அறத்தொடு நிற்றலின் சங்கிலி பாதியில் அறுந்து நிற்கிறது.

அறிதல் என்பது முயன்று பெறப்படுவது என்பதற்கு நீதித்துறையிலேயே சான்றுண்டு. பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருளில் போதிய தெளிவில்லை எனக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்வு மேற்கொண்டார். அதன்பின்னரே 2021 ஜூன் 7ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளை அவ்வாணை தடைசெய்தது. தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவர் கற்பவராக அமர்ந்த இந்நிகழ்வு, நண்பர் கூறும் அறிதலுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

கரணமும் பொய்யும்

கரணம் ஏன் தோன்றியது என்பதற்குக் கற்பியல் தரும் விளக்கம் இங்கு இன்றியமையாதது. காதல் வாழ்வில் பொய்யும் வழுவும் தலைகாட்டிய பின்னரே மேலோர் அதனை வகுத்தனர் என்கிறது நூல். அதாவது, கரணம் காதலைப் படைப்பதன்று. ஒருவர் மற்றவரை ‘அறியேன்’ எனக் கைவிடாதவாறு ஊரைச் சான்றாக்குவது. நமா விலகியபோது மித்ராவுக்கு இல்லாதிருந்தது இச்சான்றே. கரணம் இருந்திருந்தால் நமா விலகியிருக்க மாட்டாள் என்பது பொருளன்று. ஆனால் மித்ரா இழந்தது இன்னதென்று பெயரிட்டுச் சொல்ல இயன்றிருக்கும். அவளுடைய துயர் பித்தென்று கருதப்பட்டிருக்காது.

கரணம் மறுக்கப்படுமிடத்து அதுவே பொய்க்குக் கருவியாதலும் உண்டு. மகேஷ் தத்தானி ஆங்கிலத்தில் எழுதி 1998இல் மும்பையில் மேடையேறிய ‘ஆன் எ மக்கி நைட் இன் மும்பை’ நாடகத்தில், கம்லேஷின் முன்னாள் காதலனான பிரகாஷ், எட் என்னும் பெயரில் கம்லேஷின் உடன்பிறந்தாள் கிரணையே மணக்க முற்படுகிறான். ஊரார்முன் இயல்பானவனாகத் தோன்ற அத்திருமணம் அவனுக்குத் திரையாகிறது. நாடகம் நிகழும் வீட்டிற்கு வெளியே திருமண ஆரவாரம் ஒலித்துக்கொண்டிருப்பது தத்தானியின் கூர்மையான எள்ளல். பொய்யை நீக்க எழுந்த கரணம் இங்குப் பொய்யைக் காக்கிறது; அதன் விலையைத் தருபவள் ஏதுமறியாத பெண். தன்பால் திருமணத்தை மறுப்பதால் குடும்பம் காக்கப்படுகிறது என்போர் கிரணின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சட்டநிலை வருமாறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, மனமொத்த வயது வந்தோரின் தனிமை உறவிற்குப் பொருந்தாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அவ்வுறவு குற்றமன்று என உறுதிசெய்தது. ஆனால் 2023 அக்டோபர் 17ஆம் நாள், திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை அன்று என ஐவரும் ஒருமித்துக் கூறினர். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை விரித்துப் பொருள்கொள்ளவும் மறுத்தனர். திருமணம் அல்லாத சட்ட ஏற்பினையும் மூவர் பெரும்பான்மை மறுத்தது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆக, களவு குற்றமன்று, கற்பிற்கு வழியுமில்லை. பாபு நின்ற இடம் சட்டத்தின் மொழியில் இன்றும் அவ்வாறே உள்ளது.

அவ்வழக்கில் ஒன்றிய அரசு, இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டிமையோரின் பார்வை என வாதிட்டது. மதுரைப் பெண்களின் வழக்கே அதற்கு மறுப்பாகும். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு, பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட 25 அகவைப் பெண்ணைத் தம் தோழியுடன் செல்ல விடுத்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று எனவும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே எனவும் அத்தீர்ப்பு உரைத்தது. தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து, திருமண நிறுவனம் பற்றிய நண்பரின் தயக்கத்திற்கும் ஓரளவு இடமளிக்கிறது.

தமிழகச் சட்ட வரலாற்றில் மற்றொரு கூறும் நோக்கத்தக்கது. சுயமரியாதைத் திருமணங்களை ஏற்க 1967இல் இயற்றப்பட்ட திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர், பிறர் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்பதாக உரைத்து மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளுதல் அல்லது தாலி அணிவித்தல் திருமணமாகும் என்பது அதன் சாரம். அத்தகைய திருமணத்திற்கு ஊரறிந்த விழா கட்டாயமன்று என உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. குடும்பத்தின் எதிர்ப்பிற்கு அஞ்சும் இணையர் பொதுவில் அறிவிக்க இயலாமையை அது கருத்திற்கொண்டது. கொடுப்போர் இல்லாத உடன்போக்கிலும் கரணம் உண்டு என்னும் கற்பியல் கருத்தை இது நினைவூட்டும். அப்பிரிவு தன்பால் இணையரை உள்ளடக்கவில்லை. கணவன், மனைவி என்றே பேசுகிறது. எனினும் புரோகிதரையும் பெற்றோர் இசைவையும் நீக்கியபின்னும் திருமணத்தில் எஞ்சுவன இருவர் சொல்லும் நண்பர் சான்றுமே என்பதை அது சட்டமாக்கிக் காட்டியது.

முடிவுரை

‘மித்ராச்சி கோஷ்ட’ ஒரு பெண்ணின் அழிவைக் கூறுவதனினும், துணைநின்ற ஒருவன் சான்றாக நிற்க இயலாமற்போனதையே மிகுதியும் கூறுகிறது. அவன் அன்பில் குறையில்லை; அவ்வன்பு சென்று முடியத்தக்க கரணம் சமூகத்தில் இல்லை. தன்பால் திருமண உரிமையை இருவரின் இன்பத்திற்குரிய சலுகையாக மட்டும் காண்போர் இதனைத் தவறவிடுவர். அவ்வுரிமை, தாய் தந்தையர்க்கும் நண்பர்க்கும் அறத்தொடு நிற்பதற்கான நிலத்தை அளிக்கிறது. வேண்டத்தக்கது இன்னதென்று பெயருள்ள இடத்தில்தான் வேண்டுதல் இயலும்.

சட்டம் வருங்காறும் தோழமைக்குப் பணியில்லை என்பது இதன் பொருளன்று. இசைவு பெற்று, உரியவர்முன் உண்மை செப்புதல் இன்றும் இயல்வதே. தம் குடும்பத்தாரிடம் பேசுமாறு நண்பர் என்னை வேண்டவில்லை. உறவினர் கூடும் இடங்களில் தம் துணைவரைப் பற்றிப் பேச்செழுந்தால் ‘அவருடைய நண்பர்’ எனக் கூறாமலிருக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டார். சிறிதாகத் தோன்றும் அவ்வேண்டுகோளுள் உண்மை செப்பலின் முழுப்பொருளும் உள்ளது. பாபு இறுதிவரை செய்யாதுவிட்டதும் அதுவே.